பெவ் போட்ட பச்சைக் குல்லாய்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. டாஸ்மேனியாவில், இந்த ஸீஹன் ஊரில் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது போன ஜூனில், எங்கள் குளிர்காலத்தில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது.

என் தங்கை பெவ் இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவள் கணவன் ராஸ் விடிவதற்குள் சுரங்க வேலைக்குப் போய்விடுவான். அவர்களுடைய மகள் டெஸ், அந்தச் சனிக்கிழமை ஐந்து வயது ஆகவேண்டியவள், பகலெல்லாம் என்னோடுதான். நான் அழவில்லை. டெஸ்ஸும் அழவில்லை. இரண்டு பேரும் மரத்துப்போய் உட்கார்ந்து டோஸ்ட் தின்றுகொண்டிருந்தோம்.

பெவ் குரோஷா ஊசியால் நூலில் பொம்மை போடுவாள். தொப்பி வைத்த ஆக்டோபஸ், மூக்குக்கண்ணாடி போட்ட வாம்பட், அதாவது எங்கள் ஊர்ப்பக்கத்துக் குண்டு வளைவிலங்கு. ஊரில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தாலும் அவள் பொம்மைதான் பரிசு. நானும் போடுவேன். "உன் வாம்பட் உருளைக்கிழங்குக்குக் காது முளைச்ச மாதிரி இருக்குக்கா" என்று சிரிப்பாள். டெஸ்ஸுக்காக அவள் தொடங்கிய ஆக்டோபஸ் ஆறு கையோடு அவள் நூல் பைக்குள் கிடந்தது. மீதி இரண்டையும் பிறந்தநாளுக்குள் நான் போட்டுவிட நினைத்தேன்.

திங்கள் காலை பையைத் திறந்தேன். எட்டுக் கையும் இருந்தன.

நான் போடவில்லை. கண்ணிகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. பெவ் இடக்கைக்காரி, அவள் போட்டால்தான் அப்படிச் சாயும். முன்பே முடித்திருப்பாள், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று விட்டுவிட்டேன். பயம் வரவில்லை. அப்போது எனக்கு எதுவுமே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, பச்சை நூலில் ஒரு குல்லாயின் உச்சி. புதன்கிழமை அது உள்ளங்கை அளவு வளர்ந்திருந்தது. பெவ்வின் நீல ஊசி அதில் செருகியிருந்தது. கண்ணி எண்ணும்போது அதைப் பல்லில் தட்டுவதும் கடிப்பதும் அவள் பழக்கம். பிடியெல்லாம் பல் தடம்.

அன்று சாயங்காலம் 4.40. இருட்டத் தொடங்கியிருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்...

"டெஸ், என்ன பண்றே?"

"நான் ஒண்ணும் பண்ணல பெரியம்மா. அம்மா எண்றாங்க. சத்தம் போடாதீங்க, கணக்கு தப்பிடும்."

"எதுக்குடி அந்தக் குல்லா?"

"எனக்குத்தான். அங்க ரொம்பக் குளிருதாம். போட்டு முடிச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னாங்க."

 ஐந்து வாரத்தில் நான் உணர்ந்த முதல் விஷயம் அப்போது வந்த பயம்தான்.

குரோஷாவில் ஊசியை உருவி நூலை இழுத்தால் போதும். போட்டது அத்தனையும் அவிழ்ந்து வந்துவிடும். அவிழ்த்துக் கண்டாகச் சுற்றி வைத்தேன். வியாழன் காலை குல்லாய் மறுபடி இருந்தது... இன்னும் பெரிதாக. மறுபடி அவிழ்த்தேன்.

வெள்ளி, 4.50. பையில் ஊசியும் நூலும் கிடந்தன, குல்லாய் இல்லை.

வாசல் கதவு திறந்திருந்தது. மழை.

படியில் டெஸ். காலில் ரப்பர் பூட்ஸ். தலையில் பச்சைக் குல்லாய். ஒரு கையை மேலே நீட்டியிருந்தாள். யாரோ பிடித்திருக்கிற மாதிரி...

ஓடிப்போய்க் குல்லாயைப் பிடுங்கினேன். நூலைத் தேடி இழுத்தேன்.

வரவில்லை.

நுனியை வெட்டி... முடிச்சுப் போட்டு... உள்ளே மறைத்திருந்தது. குல்லாய் போட்டு முடிந்திருந்தது.

விறகு ஹீட்டருக்குள் எறிந்தேன். "அம்மா!" என்று டெஸ் தொண்டை கிழியக் கத்தினாள். அன்றுதான் அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

ஆறரைக்கு ராஸ் வந்தான். மேசையில் நான் எடுத்து வைத்திருந்த ஊசியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"பெவ்வோட பையிலதான் இருந்துச்சு."

"இல்ல நோலீன். பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி நான்தான் இத அவ கையில வெச்சேன். நீயும் பக்கத்துலதானே நின்னே?"

நின்றிருக்கிறேன். எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் டெஸ்ஸின் பிறந்தநாள். ஆக்டோபஸைக் கொடுக்க எழுந்து வந்தேன். மேசையில் ஊசி இல்லை. பையில் மிச்சமிருந்த பச்சை நூற்கண்டும் இல்லை.

இன்னொரு குல்லாய்க்குப் போதுமான நூல் அதில் இருந்தது.