அக்கா வோட்டுப் போட்ட நீதவான்

மனோர் பார்க்கில் என் அகதி வழக்கின் தீர்ப்பு தபாலில் வருமென்று காத்திருந்த நாட்களில், கடலுக்கு அப்பால் டெக்சாசிலிருந்து அக்கா தொலைபேசி எடுத்தாள்.

"இண்டைக்கு நீதவான்மாருக்கு வோட்டுப் போட்டனான்."

எனக்கு எரிச்சல் வந்தது. "பகிடி விடாதை அக்கா. நீதவானுக்கு ஆர் வோட்டுப் போடுறது?"

"உண்மையடா. இந்த மாநிலத்தில சின்னக் கோட்டிலயிருந்து பெரிய கோடு வரைக்கும் நாங்கள்தான் ஆக்களைத் தெரிவு செய்யிறது."

நீதிமன்றத்தை அவள் இன்னும் ஊரில்போலக் 'கோடு' என்றே சொன்னாள். அவளைப் பார்த்துப் பதினொரு வருடம். தீர்ப்பு சாதகமாக வந்தால்தான் அவளைப் போய்ப் பார்க்க எனக்குப் பயணப் பத்திரம் கிடைக்கும். என்னை விசாரித்த நீதிபதியோ கோப்பிலிருந்து ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை.

"வோட்டுக் கேக்க வந்த நீதவான் உன்ர முகத்தைப் பார்த்தவரோ?"

"ஓம், கையும் தந்தவர்."

அந்தக் கையை நான் தொட வேண்டும் போலிருந்தது. அக்காவின் கையை.