கடலைப் பார்த்த ஊசி

மகள் பாடத்துக்காக ஆணியில் சுற்றிய செப்புக்கம்பி சூடேறிப் புகைந்ததும் ஓடிப்போய்ப் பற்றரியைப் பிடுங்கினேன். கம்பிப்பூச்சு கருகிய அந்த மணம் என்னை இன்று சுவரும் மிஞ்சாத எங்கள் வடமராட்சிப் பள்ளியின் ஆய்வுகூடத்துக்கு, உப்புக்காற்றில் பச்சை பூத்த செம்புத் தகடுகளுக்கும் அமிலம் தின்ற மேசைகளுக்கும் இழுத்துப் போய்விட்டது.

மின்னோட்டம் பாயும் கம்பி காந்தமாகுமா என்று பார்க்க அங்கே திசைகாட்டி இல்லாததால், என் தோழி செல்வராணி தன் அப்பாவின் வள்ளத்துத் திசைகாட்டியைக் கொண்டுவந்திருந்தாள். அவர் அன்று பின்னேரம் கடலுக்குப் போகவேண்டும். ஊசிக்கு மேலே கம்பியை நீட்டிப் பற்றரியில் தொடுத்ததும் ஊசி கிழக்குப் பக்கம் திரும்பி நின்றது.

"கொப்பர் இனிக் கோடிக்கரைக்கு வெளிக்கிட்டு ரங்கூனிலை போய் நிப்பார்," என்று அவள் அப்பாவை வைத்துக் கேலி செய்தேன்.

"பகிடி விடாதையடி. இது பழுதாப் போச்சுதெண்டால் அவர் என்னெண்டு திரும்பி வாறது?"

கம்பியைக் கழற்றினோம். மின்னோட்டத்தோடு அதன் காந்தமும் போய்விட, ஊசி ஆடி ஆடி ஓய்ந்தது. எங்கள் கரையில் கடல்தான் வடக்கு. செல்வராணி ஊசியை நம்பாமல் யன்னலுக்கு வெளியே பார்த்தாள், மறுபடி குனிந்து பார்த்தாள்.

"ஓம், கடலைத்தான் பார்க்குது," என்றவள், அதன் பிறகுதான் அழத் தொடங்கினாள்.