ஏகாதசிக் கெடு

பெருமாள் தீர்த்தத்தைக் கையில் வாங்கினால்கூட, இது கொள்ளிடத்துத் தண்ணீரா காவிரித் தண்ணீரா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் விடுவேன் என்று ஸ்ரீரங்கத்தில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். கேட்டதில்லை. நினைத்ததுண்டு. பால்காரன் வாசலில் மாட்டைக் கட்டியதும் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். நான் அந்தச் செம்புக்குள் கையையும் விட்டுத் துழாவுவேன். "என்னைப் பொண் பார்க்க வந்தப்போ இவ்வளவு பார்க்கலையே" என்பாள் என் மனைவி. பார்த்தேன் என்பதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இந்தக் குணத்தால் எனக்குப் போன வேலைகள் பல. இதனாலேயே கிடைத்த வேலை ஒன்றே ஒன்று. யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு, ஸ்ரீரங்கத்திலிருந்து மலைக்கோட்டைப் பக்கம் குடிவந்து அங்கே ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடைக்காரரின் மைத்துனர் மேல் சந்தேகம் இருப்பதாகக் கடைக்காரரிடமே சொல்லப்போக, சம்பளத்தைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு சந்து மாடியில் நடந்துகொண்டிருந்த பரிசுச் சீட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. கம்பெனி முதலாளி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே பேசினார். நெற்றியில் சந்தனம், சலவை ஜிப்பா, மெல்லிய குரல்.

"சாமி, நம்பிக்கையான ஆளுங்க எனக்கு நிறைய கிடைப்பாங்க. சந்தேகப்படற ஆளுதான் வேணும். மாசாமாசம் குலுக்கல்ல குடத்துக்குப் பக்கத்துல நீங்க உக்காருங்க. அது போதும்."

இவ்வளவு சுலபமான வேலைக்கு எதற்கு இவ்வளவு சம்பளம் என்று அன்றே எனக்கு உறுத்தியது. ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

கம்பெனியின் வியாபாரம் இதுதான். தை மாதம் சீட்டு தொடங்கும்; நடுவில் சேருகிறவர்கள் விட்டுப்போன தவணைகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். மாதம் ஒரு தவணை. ஒவ்வொரு மாதமும் ஸ்ரீரங்கத்தில் ஒரு சத்திரத்துக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல். நம்பர் விழுந்தவருக்குப் பெரிய பரிசு. அவர் அதற்கப்புறம் தவணை கட்ட வேண்டாம். நம்பர் விழாதவர்கள் மார்கழி வரை கட்டி முடித்தால், அடுத்த தை மாதம் கட்டிய பணம் முழுவதும் கால் பங்கு போனஸோடு திரும்பி வரும். நடுவில் ஒரு தவணை தவறினாலும் கட்டியதெல்லாம் கம்பெனிக்கு. இதில் ஸ்ரீரங்கத்துக்காரர்களை மயக்கிய விஷயம், தவணைக் கெடு. இங்கிலீஷ் தேதி கிடையாது. மாதாமாதம் வளர்பிறை ஏகாதசி. பட்டினி கிடக்கிற நாளை யார் மறப்பார்கள்? அன்று காலையில் வசூல்காரன் சைக்கிளில் வந்து வாசலில் மணி அடிப்பான். 'என்ன பக்தி பாருங்கோ அந்த மனுஷனுக்கு' என்று மாமிகள் முதலாளியைக் கொண்டாடினார்கள்.

நான் குடத்தைச் சந்தேகப்பட்டேன். பித்தளைக் குடம், உள்ளே நம்பர் வெட்டிய தகர வில்லைகள். ஒவ்வொரு வில்லையையும் தட்டான் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். குடத்தின் அடியைச் சுரண்டினேன். வில்லைகளில் மெழுகு, பிசுக்கு ஏதாவது இருக்கிறதா என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். குலுக்கலன்று, வில்லை எடுப்பதற்குக் கம்பெனி கூட்டிவந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கூட்டத்திலிருந்து ஒருவரை அழைத்தேன். முதலாளி எதற்கும் முகம் சுளிக்கவில்லை. "இன்னும் நல்லாப் பாருங்க சாமி, எல்லாருக்கும் தெரியற மாதிரி பாருங்க" என்று குடத்தை என் பக்கம் தள்ளினார். பரிசுகளும் பஞ்சாயத்தில்லாமல், நம்பர் விழுந்தவருக்கே போயின. கடைசியில் எனக்கே அலுத்துப்போனது. குடத்தில் சூது இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அப்படிச் சொன்னதைக் கேட்டுச் சீட்டில் சேர்ந்தவள் என் அக்கா.

அத்திம்பேர் காலமானபோது அவளுக்கு ஒரு வீட்டையும் அதன் மேல் ஒரு அடமானத்தையும் விட்டுப்போயிருந்தார். குழந்தைகள் கிடையாது. அப்பளம் இட்டு விற்றாள்; முன்கட்டை வாடகைக்கு விட்டுப் பின்கட்டில் இருந்தாள். வருகிற சித்திரைக்குள் மீட்காவிட்டால் வீடு கடன் கொடுத்தவருக்குப் போய்விடும். கடைசியாக மிச்சமிருந்த வளையல்களை விற்ற பணம், அப்பளக் காசு, வாடகை எல்லாம் சேர்ந்தும் கொஞ்சம் குறைந்தது. அந்தக் கால் பங்கு போனஸ் வந்தால் சரியாக இருக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள் அவள். கைக்கு எட்டிய அளவு சீட்டுகளை எடுத்தாள். அவளைப் பார்த்து அந்தத் தெருவில் பாதி வீடுகள் எடுத்தன. 'அவனே பார்த்து நன்னாயிருக்குன்னுட்டானே, அப்புறம் என்ன' என்று பேசிக்கொண்டார்களாம். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

கணக்கு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. வாங்கியதை முழுக்கத் திருப்பி, அதற்கு மேல் கால் பங்கு, பரிசு, சத்திர வாடகை, என் சம்பளம். இதற்கெல்லாம் பணம் எந்த மரத்தில் காய்க்கிறது? கணக்குப் புத்தகம் என் கைக்கு வராது. முதலாளியிடம் நேராகவே கேட்டேன். மணப்பாறைச் சந்தையில் மாட்டு வியாபாரிகளுக்கு வட்டிக்கு விடுவதாகச் சொன்னார். மணப்பாறைக்குப் போய் விசாரித்தேன். அப்படி ஒரு கம்பெனியை அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. முறுக்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஐப்பசியில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் மாடியேறி வந்தார். இது லாட்டரி, சர்க்கார் உத்தரவில்லாமல் நடத்துவது குற்றம் என்று புகார் வந்திருப்பதாகச் சொன்னார். முதலாளி அசையவில்லை. கம்பெனி வக்கீலைக் கூப்பிட்டார். வக்கீல் விளக்கிய சட்டம் எனக்கும் அன்றுதான் தெரியும். பரிசு விழாதவனுக்கும் கட்டிய பணம் திரும்பி வந்தால் அது சேமிப்பு, வராவிட்டால் சூது. 'நாங்கள் எல்லோருக்கும் திருப்பித் தருகிறோம், இதோ இவரைக் கேளுங்கள்' என்று என்னைக் காட்டினார்கள். குடத்தில் தப்பில்லை என்றேன். இன்ஸ்பெக்டர் காபி குடித்துவிட்டுப் போனார். ஆக ஒரே கம்பெனி, தை மாதம் பணம் கொடுத்தால் யோக்கியமானது, கொடுக்காவிட்டால் சூதாட்டக் கிடங்கு. தை வரைக்கும் அது என்னவென்று பெருமாளுக்குத்தான் தெரியும்.

மார்கழி பிறந்ததும் வசூல்காரன் லால்குடிக்குப் போவதற்காக மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். மாதம் முழுக்க லீவு, சம்பளத்தோடு என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெற்ற தாய் செத்தபோது அவனுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்துச் சம்பளத்தைப் பிடித்த மகராஜன் அந்த முதலாளி. போன வருஷமும் மார்கழியில் இப்படித்தான் அனுப்பினார் என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான்.

வீட்டுக்குப் போய் அக்காவின் ரசீது ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷில் விதிகள். கெடு நாளில் ஆபீஸ் மூடியிருந்தால் அதற்கு முந்தின நாளே கட்டிவிட வேண்டும் என்று ஒரு வரி. மார்கழி வளர்பிறை ஏகாதசி என்றால் வைகுண்ட ஏகாதசி. அன்று ஸ்ரீரங்கத்தில் பரமபதவாசல் திறக்கும். ஊர் கொள்ளாத கூட்டம். சைக்கிள் என்ன, எறும்புகூட நுழைய முடியாது. கம்பெனிக்கும் விடுமுறை. அதை யாராவது தப்பு சொல்வார்களா?

போன வருஷத்துச் சீட்டில் இருந்த இரண்டு மூன்று பேரைத் தேடிப்போய்க் கேட்டேன். எல்லோரும் ஒரே கதை சொன்னார்கள். ஏகாதசியன்று வசூல்காரன் வரவில்லை. அன்றைக்கு யார் பணம் கேட்பார்கள், மறுநாள் துவாதசியில் பாரணை செய்து விரதத்தை முடித்துவிட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். போனபோது கெடு தாண்டிவிட்டது என்று ரசீதைத் திருப்பிக் காட்டினாராம் முதலாளி. அவர்கள் சண்டைக்குப் போகவில்லை. 'நாமதான் சேவைக்குப் போயிட்டு மறந்துட்டோம், பெருமாள் கணக்குல போகட்டும்' என்று விட்டுவிட்டார்கள். வேறு எந்த ஊரிலாவது ஆபீஸ் ஜன்னலை உடைத்திருப்பார்கள்.

குடத்தில் சூது இல்லாததற்குக் காரணம் இப்போது புரிந்தது. கம்பெனியின் லாபம் குடத்தில் இல்லவே இல்லை. கடைசி மாதம் தவணை தவறுகிறவர்களிடம் இருந்தது. நான் குடத்தை முகர்ந்துகொண்டிருந்தது முதலாளிக்குச் செலவில்லாத விளம்பரம்.

தசமிக்கு முன்தினம் அக்கா வீட்டுக்கு ஓடினேன். நாளைக்கே கட்டிவிடு என்றேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டாள்; சொன்னேன். உடனே தன் பணத்தை எடுத்து வைப்பாள் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பிறகு அதற்கடுத்த வீடு. தசமியன்று காலையில் அந்தத் தெருப் பெண்கள் ஜட்காக்களில் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி, அந்த மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். அதுவரை கோட்டைப் பக்கமே தனியாக வந்திராதவர்கள் அவர்களில் பாதிப்பேர். முதலாளி எல்லோரையும் கும்பிட்டு, எல்லோருக்கும் ரசீது போட்டார். கடைசியில் என்னைப் பார்த்தார். சிரித்தபடியே, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க அக்காவுக்கு மட்டும் நானே பாத்து செஞ்சிருப்பேனே சாமி" என்றார். அன்றோடு என் வேலை போனது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

தை பிறந்தது. பணம் தருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள், போலீஸ் அந்த மாடியைப் பூட்டி சீல் வைத்தது. யாரோ மொட்டைக் கடிதாசி போட்டார்களாம், அங்கே சூதாட்டம் நடக்கிறது என்று. அந்தக் கடிதாசியை எழுதியது முதலாளியேதான் என்று எனக்கு அன்றும் சந்தேகம், இன்றும் சந்தேகம். இத்தனை பேர் ஒழுங்காகக் கட்டித் தொலைத்ததில் அவரிடம் கொடுப்பதற்குப் பணம் இல்லை. இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்.

கேஸ் நடந்தது. ஐப்பசியில் இது சூதே இல்லை என்று சட்டம் பேசிய அதே வக்கீல் எழுந்து நின்று, என் கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், நடத்தியது லாட்டரிதான் என்றார். அபராதம் போட்டார்கள். முதலாளி அங்கேயே கட்டிவிட்டு வெளியே வந்தார். இவ்வளவு சாதுவாக ஒப்புக்கொண்டது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பணத்துக்கு சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்று அக்காவையும் அழைத்துக்கொண்டு வேறொரு வக்கீலிடம் போனபோதுதான் விளங்கியது.

"சீட்டுன்னு தீர்ப்பாயிருந்தா பணத்தைக் கேக்கலாம். சூதுன்னு ஆயிடுச்சே. சூதுல போட்ட பணத்துக்கு எந்தக் கோர்ட்டும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி டிக்ரி கொடுக்காதுங்க. ரெண்டு பேரும் சூதாடினவங்கன்னு ஆயிடும்" என்றார் அவர்.

அக்கா அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். 'நானா?' என்று மட்டும் கேட்டாள்.

சித்திரையில் வீடு போனது. கடன் கொடுத்தவர் ஒரு வாரம் கூடுதலாகக் கெடு தந்தார். அதனால் என்ன ஆகப்போகிறது? பக்கத்து வீட்டு மாமி, அவளும் கட்டி ஏமாந்தவள்தான், தன் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையை வாடகையில்லாமல் தருவதாகச் சொன்னாள். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்ட ஊரை விட்டுக் கோட்டைப் பக்கம் என் ஒண்டுக்குடித்தனத்துக்கு வருவதாகச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் மனைவிக்கும்தான். பெருமாளைச் சேவிக்காமல் ஒரு நாள் சாப்பிட்டதில்லை அக்கா.

வண்டி பிடித்துக்கொண்டு போனேன். பட்டப்பகல். தெருவில் எல்லா வீடுகளும் திறந்திருந்தன. எதிர் வீட்டுக்காரர் வந்து பெட்டியைத் தூக்கி வைக்க ஒரு கை கொடுத்தார். மாமிகள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். என்னிடம் எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். ஒருத்திகூட முகத்தைத் திருப்பவில்லை. இவர்கள் ஏன் என்னைத் திட்டவில்லை என்று அங்கேயும் எனக்குச் சந்தேகம் வந்தது. வண்டி ஏறும் முன் அக்காவிடம், அந்த அறையையே எடுத்துக்கொண்டிருக்கலாமே, கோயிலாவது பக்கத்தில் இருந்திருக்கும் என்றேன்.

"நான் இங்க இருந்தா நீ என்னைப் பார்க்க வருவே" என்றாள் அக்கா. "இத்தனை ஆத்துலயும் உன் பேரைச் சொல்லித்தான் பணத்தைக் கட்டினா. உன் மூஞ்சியைப் பார்க்கறப்பல்லாம் அவாளுக்கு ஞாபகம் வரும். வாயைத் திறந்து ஒண்ணும் கேட்க மாட்டா. நீ இந்தத் தெருவுக்கு வர வேண்டாம்னுதான் நான் உன்னோட வரேன்."

வண்டிக்காரன் எந்த வாசல் வழியாகப் போகட்டும் என்று கேட்டான். "தெற்கு வாசல் வழியா நேரே பாலத்துக்கு விடு, கோயில்ல நிறுத்த வேண்டாம்" என்று அக்காவே பதில் சொன்னாள்.