சித்தன்னவாசலுக்கு அப்பால் ஒரு கிணறு

யுத்தம் முடிந்து வந்த தை மாதத்தில், ஒரு வியாழக்கிழமை, சித்தன்னவாசல் போய் வந்தேன். சித்திரங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழி சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன். நான் போனது சித்திரத்துக்காக மட்டும் அல்ல. மலைக்கு அப்பால் ஒரு வீட்டில், பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு அறுபத்தேழு வயது. போன ஆடியில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். இந்தக் கட்டுரைக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு வரி முடிந்ததும் அதைத் திரும்ப வாசித்துச் சந்தோஷப்பட்டதில் பாதி நாள் போயிருக்கும்.

புதுக்கோட்டையில் காலை ஏழு மணிக்குப் பஸ். கரியில் ஓடும் வண்டி என்பதால், அடுப்பை மூட்டிக் கிளம்ப ஏழே முக்கால் ஆனது. பத்து மைல், கட்டணம் நாலணா. என்னிடம் இரண்டு தென்னங்கன்றுகள் இருந்தன. அவற்றுக்கு இன்னும் ஓரணா. வழியில் வந்த மைல் கல்லையெல்லாம் வாய்விட்டுப் படித்தேன். ஐந்தாவது கல்லில் கண்டக்டர், "பெரியவரே, எல்லாத்தையும் நீங்களே படிச்சுட்டா மத்தவுகளுக்கு என்னத்த மிச்சம் வைப்பீங்க?" என்றார். வண்டியே சிரித்தது. ஆறாவது கல்லை மனதுக்குள் படித்தேன். ஏழாவதை என்னால் அடக்க முடியவில்லை.

ஒன்பது மணிக்கு இறங்கினேன். நேரே அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கால் துணியவில்லை. முதலில் குகைக்குப் போனேன். வாசல் மேற்குப் பார்த்தது. காலையில் உள்ளே இருட்டு. நீங்கள் மூன்று மணிக்கு மேல் போங்கள். கண் பழகிய பிறகு கூரையில் ஒரு குளம் தெரிந்தது. தாமரை, மீன், பூப்பறிக்கும் ஆட்கள். முப்பது வருஷம் இந்த மலையடியில் நடந்திருக்கிறேன், ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை. விலை சொல்ல முடியாத இடத்தில் எனக்கு வேலை இல்லை என்று நினைத்திருந்தேன்.

என் தொழில் நிலத்துக்கு மதிப்புச் சொல்வது. இருபது வயதில் சர்வேக்காரருக்குச் சங்கிலி பிடிக்கப் போனேன். அவர் அளப்பார்; நான் மண்ணைப் பார்ப்பேன். கோரை எங்கே முளைக்கிறது, ஈரம் எத்தனை நாள் நிற்கிறது என்பதெல்லாம் காலுக்கே தெரிந்துவிட்டது. பிறகு விற்பனைக்கும் பாகப் பிரிவினைக்கும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கிணறு இருந்தால் தண்ணீரைக் குடித்துப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டேன். அதற்குத்தான் எனக்கு ஊரில் பெயர்.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவர். அவர்கள் தகப்பனார் கிணறு ஒன்றை வெட்டிய வருஷமே இறந்துவிட்டார். பாகம் பிரிக்கப் போனேன். சித்திரை வெயில், காலில் முள். கிணற்று மேட்டில் ஒரு குடம் இருந்தது. தம்பி மனைவி அதிலிருந்து ஒரு சொம்பு தந்தார். தேன் மாதிரி இருந்தது. ஏரிப் பாசன வயல் ஒன்றரை ஏக்கரும், இந்தக் கிணற்றோடு மூன்று ஏக்கர் புன்செய்யும் சமம் என்றேன். தம்பி கிணற்றை எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது வரப்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே இறைத்துக் குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை. அன்றோடு மதிப்புச் சொல்வதை விட்டேன். பிறகு மரக்கன்று வளர்த்து விற்றுப் பிழைக்கிறேன். விட்டேனே தவிர, அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

குகையிலிருந்து கிழக்கே இரண்டு மைல் நடை. பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தம்பி கல் உடைக்கும் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவியை மீனாள் என்று எழுதுகிறேன். அது அவர் பெயர் அல்ல. "இங்கிட்டு என்னங்கய்யா, இத்தன வருசம் கழிச்சு?" என்று கேட்டார். நான் எழுதிக் கொண்டுபோன தாளை விரித்து வாசித்தேன். கிணற்றைத் தப்பாக மதித்தேன், இறைத்துப் பார்க்கவில்லை, குற்றம் என்னுடையது. மூன்று வரிதான். வாசித்து முடிக்க வெகு நேரம் ஆனது.

அவர் யோசித்தார். "எறைச்சுப் பாக்கலைன்னா, எந்தத் தண்ணிய வச்சுச் சொன்னீங்க?"

அன்றைக்குக் கிணற்று மேட்டில் குடித்ததை வைத்துத்தான் என்றேன்.

"நான் குடுத்த சொம்பா? அது ஊருணித் தண்ணிங்க. வெயில்ல வந்தவுகளுக்கு உப்புத் தண்ணியவா குடுப்பாக? அதுக்குன்னே போய்த் தூக்கியாந்தேன்."

இந்தப் பக்கத்தில் வந்தவர்களுக்கு எந்த வீட்டிலும் உப்புத் தண்ணீர் தரமாட்டார்கள். முப்பது வருஷம் ஊர் ஊராகக் குடித்த எனக்கு அது தெரியாதா? கிணற்று மேட்டில் குடத்தைக் கண்டதும் மறந்துவிட்டேன்.

"எங்களுக்கும் கரிச்சுச்சுங்க," என்றார் மீனாள். "மதிப்புக்காரவுக நல்ல தண்ணின்னு சொல்லிட்டாக, நம்ம நாக்குத்தான் சரியில்லைன்னு இருந்துட்டோம்."

இதற்கு அவர் என்னை ஏசியிருக்கலாம்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரவுககிட்ட சொம்பப் பத்திச் சொல்லிறாதீக. ஒங்க தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்," என்றார். என் தப்புதான் அம்மா என்றேன். கன்று இரண்டையும் கிணற்றுக்கு வடக்கே நட்டோம். தென்னை உப்பைக் கொஞ்சம் தாங்கும். காய்க்க ஏழெட்டு வருஷமாகும். நான் பார்க்கப் போவதில்லை.

கிளம்பும்போது சொம்போடு வந்தார். சற்று நின்று, "எந்தத் தண்ணிங்கய்யா?" என்று கேட்டார். நானே போய்க் கிணற்றில் இறைத்து, நின்றபடி முழுச் சொம்பையும் குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் ஐந்து மணிக்கு, போக வர எட்டணா. மலையடியில் கடை கிடையாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் கேட்டால் எந்த வீட்டிலும் நல்ல தண்ணீர்தான் தருவார்கள்; பயமில்லாமல் குடியுங்கள். நிலம் பார்க்கப் போகிறவராக இருந்தால், அதைக் குடித்துவிட்டு, கயிறு வாங்கி நீங்களே ஒரு வாளி இறையுங்கள்.