இடது டயர் அண்ணனுக்கு, வலது டயர் தம்பிக்கு

டிராக்டர் அத்தைக்கு அந்தப் பட்டம் கிடைத்ததே அவள் அண்ணனும் தம்பியும் போட்ட சண்டையால்தான். அப்பா இறந்ததும் அவர்கள் நிலத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டின் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். அவளுக்கும் ஒரு பங்கு என்று யாரும் பேச்செடுக்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை. டிராக்டரை மட்டும் பிரிக்க வழியில்லை. அண்ணன் கையில் கொடுத்தால் தன் வயலுக்கே ஓட்டிக்கொண்டிருப்பார் என்றான் தம்பி. தம்பி கையில் கொடுத்தால் ஒரே மாதத்தில் எஞ்சினைத் தின்று ஏப்பம் விட்டுவிடுவான் என்றார் அண்ணன். கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: சாவி அவளிடம் இருக்கட்டும்.

கல்யாணம் நிலைக்காமல் திரும்பி வந்து, பின்கட்டு அறையில் ஒரு தையல் மெஷினோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தவள் அவள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. முதல் நாள் கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் வண்டி துள்ளிக் குதித்துக் கோழிக்கூண்டின்மேல் ஏறிவிட்டது. கோழிகள் எப்படியோ தப்பித்தன. அண்ணன் மகளும் தம்பி மகனும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, "அத்தை, பிரேக்கு! பிரேக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அன்றிலிருந்து தெருவுக்கே அவள் டிராக்டர் அத்தை.

கற்றுக்கொண்டாள். டிரெய்லரைப் பின்னோக்கி ஒடித்து ஒரே தடவையில் கொட்டகைக்குள் நிறுத்துகிற அளவுக்குத் தேறினாள். அண்ணன் வயல், தம்பி வயல், மற்ற நாட்களில் வெளியாருக்கு வாடகை ஓட்டம். வாடகையில் அவளுக்கு ஓட்டுகிற கூலி, மீதி சுவரின் இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் போகும். பல வருடம் அப்படியே ஓடியது.

முன் டயர்கள்தான் ஓடி ஓடி மொட்டையாகிவிட்டன. ஒரு மழைநாளில் வாய்க்கால் கரையில் வண்டியைத் திருப்பினாள். ஸ்டீரிங் திரும்பியது, சக்கரமும் திரும்பியது, வண்டி மட்டும் நேராகச் சேற்றில் வழுக்கிக்கொண்டு போனது. வாய்க்கால் விளிம்புக்கு வந்துதான் நின்றது. டிரெய்லரில் வெங்காய மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணி, இனிமே நான் நடந்தே வந்துக்கறேன்" என்றாள் இறங்கி.

முன் டயர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று அத்தை அன்றைக்கே இருவரிடமும் போய்ச் சொன்னாள். அண்ணன் சேற்றுக்காலைக் கழுவியபடி யோசித்தார். "இடது டயரை நான் வாங்கிப் போட்டுடறேன். வலதுக்கு அவன்கிட்ட கேளு."

சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். "அவரு இடதுன்னா நான் வலது. எனக்கென்ன, கையாலாகலையா?" என்றான் தம்பி.

அண்ணன் யாரையும் கேட்காமல் இருப்பதிலேயே விலை உயர்ந்த புது டயர் ஒன்றை வாங்கினார். தம்பி பழைய சாமான் விற்கிற இடத்தில் பாதி தேய்ந்த ஒன்றைப் பிடித்து வந்தான். பஞ்சர் போடுகிறவர் இரண்டையும் மாட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் தலையைச் சொறிந்தார். தார் ரோட்டில் ஏறியதுமே அத்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. வண்டி வலது பக்கமாகவே இழுத்தது. நாள் முழுக்க எதிர்ப்பக்கம் ஸ்டீரிங்கைப் பிடித்துப் பிடித்து, சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கக்கூடத் தோள் ஒத்துழைக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பஞ்சர்க்காரரிடமே போனாள்.

"ஜோடியாத்தான் போடணும்க்கா" என்றார் அவர். "ஒரு கால்ல பூட்ஸு, ஒரு கால்ல ரப்பர் செருப்பு போட்டுட்டு நடந்து பாருங்க, தெரியும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்க வீட்டுச் சண்டைக்குள்ள நான் தலையை விடவா?"

மறுநாள் காலை சுவர் முடிகிற இடத்தில், இருவர் காதிலும் விழும்படி நின்றுகொண்டு அத்தை சொன்னாள்: "நான் டயர் கடைக்குப் போறேன். ரெண்டு பேரும் கூட வரணும். வரலைன்னா இந்தா சாவி, யாருக்கு வேணுமோ எடுத்துக்கங்க."

நீட்டிய சாவியை இருவரும் பார்த்தார்கள். யாரும் கை நீட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணன் இடது மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார். தம்பி வலது மட்கார்டில் உட்கார்ந்து வேலியைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"நேரா ஓட்டும்மா" என்றார் அண்ணன், வண்டி நடு ரோட்டுப் பக்கம் போனபோது.

"நான் நேராத்தான் ஓட்டறேன். வண்டிதான் உன் தம்பி பக்கம் சாயுது. வேணும்னா நீயே பிடிச்சுப் பாரு."

அவர் குனிந்து ஒரு கையால் பிடித்துப் பார்த்தார். ஒரு வளைவு வரைக்கும் தாங்கினார். பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இப்படியாம்மா ஒரு வாரமா ஓட்டினே?" என்று மட்டும் கேட்டார்.

கடையில் கூரை முட்ட டயர்கள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். அண்ணன் வாங்கிய அதே கம்பெனியில் இன்னொன்றை எடுத்துக் காட்டினார். விலையைக் கேட்டதும் தம்பி வாசலுக்குப் போய்விட்டான். அங்கிருந்தே, "பழசுமேல புது ரப்பர் ஒட்டின ஜோடி ஒண்ணு இருக்குதே, அது போதாதா?" என்றான்.

"முன் சக்கரம்டா. லோடோட போறப்ப ரப்பர் பிரிஞ்சுகிட்டா வண்டி எங்க திரும்பும்? டிரெய்லர்ல உக்காந்திருக்கறது உன் பொண்டாட்டி" என்றாள் அத்தை.

மூலையில் ஒரு ஜோடி மலிவாகக் கிடந்தது. புதுசுதான். அத்தை டயரைச் சுற்றி ஓடும் ரப்பர் கோடுகளுக்கு நடுவே விரலை அழுத்தி விரித்துப் பார்த்தாள். முடியிழை போல வெடிப்புகள். பக்கவாட்டில் அச்சடித்திருந்த தேதியைக் காட்டி, "இது பொறந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்றாள். கடைக்காரர் சிரித்து மழுப்பிவிட்டு, உள்ளேயிருந்து வேறு ஜோடியை உருட்டி வந்தார். அதிகம் கேள்விப்படாத கம்பெனி. அதே அளவு, மூன்று கோடு, இந்த வருடத் தேதி, ரப்பர் மெத்தென்று இருந்தது. விலை நடுத்தரம்.

"பேர் தெரியாத சரக்கு" என்றார் அண்ணன்.

"பேரு உழுமாண்ணே? ஜோடியா இருக்கு, புதுசா இருக்கு. நம்ம வண்டி வயசுக்கு இது தாராளம்."

அண்ணனின் டயர் இதே கடையில் வாங்கியது, அதிகம் ஓடாதது என்பதால், கொஞ்சம் கழித்துக்கொண்டு திருப்பி எடுக்கக் கடைக்காரர் சம்மதித்தார். அந்தப் பணம் அண்ணன் கைக்கே போயிற்று. புது ஜோடியை மாட்டி முடித்ததும் கடைக்காரர் பேனாவை எடுத்தார். "பில் யார் பேர்ல?"

அண்ணன் சுவரில் தொங்கிய டியூபைப் பார்த்தார். தம்பி ரோட்டைப் பார்த்தான்.

"என் பேர்ல" என்றாள் அத்தை. தைத்துச் சேர்த்த பணத்தை இடுப்பிலிருந்து எடுத்தாள்.

"நீ எதுக்கும்மா குடுக்கறே?"

"ஓட்டறது நான்தானே? டயர் ரெண்டும் என்னுது. மிச்ச வண்டி உங்களுது."

அண்ணன் மெதுவாக, "முன்னாடி டயர் இல்லாம மிச்ச வண்டி எங்கம்மா போகும்?" என்றார்.

"அதான்ணே, நானும் யோசிச்சேன்."

தம்பிதான் முதலில் சிரித்தான், ரோட்டைப் பார்த்தபடியே. அண்ணனுக்கும் அடக்க முடியவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமலே இருவரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. பில்லை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பும்போது வண்டி கோடு போட்டது போல ஓடியது.

அண்ணனும் தம்பியும் அதற்காக உறவாடிவிடவில்லை. சுவர் அங்கேயே இருக்கிறது. ஆனால் அந்த மாதம் வாடகைப் பணத்தைப் பிரிக்க அவள் உட்கார்ந்தபோது, தன் கூலிக்குமேல் ஒரு பங்கையும் தனக்கென்று எடுத்து வைத்தாள். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு அண்ணன் பின்கட்டு அறை வாசலில் வந்து நின்றார். எப்போதும் மகளிடம் "வண்டியை அனுப்பச் சொல்லு" என்று சொல்லி அனுப்புகிறவர்.

"நாளைக்கு வண்டி கிடைக்குமாம்மா?" என்றார்.

அத்தை தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள். "நாளைக்கு வெளியில ஒத்துக்கிட்டேன்ணே. நாளன்னிக்குக் காலையில வர்றேன்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.