ஒற்றை டிக்

போன வருஷம் ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவை கணபதியில் எங்கள் தெருமுனை பேக்கரியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு போன் வந்தது. அந்தப் போனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. வீட்டில்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விஷயம் புரியாது. வயது ஐம்பத்து மூன்று. சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்து, பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறேன். ஆனால் பேக்கரியில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் ஒரு மைலேஜ் பைத்தியம். காந்திபுரம் சிக்னலில் வண்டியை அணைப்பேன். பாலத்து இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு நியூட்ரலில் உருட்டுவேன். பெட்ரோலை விடிகாலையில்தான் போடுவேன், வெயில் ஏறினால் பாதி ஆவியாகிப் போகும் என்று. அதெல்லாம் சும்மா என்று என் மகள் நூறு தடவை சொல்லிவிட்டாள். கேட்டால்தானே!

மொபைல் நெட் விஷயத்திலும் அதே புத்திதான். டேட்டாவை எந்நேரமும் ஆஃப் செய்தே வைத்திருப்பேன். யாராவது ஏன் என்று கேட்டால், "டேங்க் மூடியத் தொறந்து வெச்சுட்டு வண்டி ஓட்டுவீங்களா? அதாட்டத்தானுங்க இதும்" என்று ஒரு பிரசங்கம் செய்வேன். சாயங்காலம் பேக்கரிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆன் செய்வேன். அன்றைய மெசேஜ் எல்லாம் சடசடவென்று அப்போதுதான் வந்து விழும். அவசரம் என்றால் போன் பண்ணட்டுமே என்பது என் கட்சி.

இனி என் நண்பன். பதினெட்டு வயதில் இரண்டு பேரும் ஒரே பட்டறையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பிறகு நான் சொந்தமாக லேத் போட்டேன். அவன் ஒரு கம்பெனிக்காகப் பட்டறை பட்டறையாகப் போய்ச் சரக்கின் அளவு சரியா என்று பார்க்கும் வேலைக்குப் போனான். நாள் முழுக்க வண்டியில்தான் இருப்பான். ஆனால் பெட்ரோல் போடுவது மட்டும் அவனுக்கு எப்போதும் நாளைக்குச் செய்கிற வேலை. ரிசர்வில் ஓட்டி ஓட்டி, மாசத்துக்கு ஒரு தடவையாவது எங்காவது நின்றுவிடுவான்.

உடனே எனக்குப் போன் வரும். "மாப்ள, நின்னுபோச்சுரா." அவ்வளவுதான் சொல்வான். நான் திட்டிக்கொண்டே கிளம்புவேன். அவனை வண்டியில் உட்காரச் சொல்லி, பக்கவாட்டில் என் வண்டியை ஓட்டிக்கொண்டே, அவன் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்ட்டில் என் காலை வைத்து பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவேன். முப்பது வருஷத்தில் எத்தனை தடவை அப்படித் தள்ளியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே போவோம். உண்மையைச் சொன்னால், அவன் வண்டி நின்றுபோவது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

போன வருஷம் சித்திரையில் அவன் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினான். பெட்ரோல் விற்கிற விலையில் நாள் முழுக்கச் சுற்றுகிறவன் வேறு என்ன செய்வான்? இன்றைக்கு யோசித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. அதுவரை எந்த வண்டி வாங்கினாலும் என்னைக் கேட்காமல் வாங்கமாட்டான். இதை மட்டும் சொல்லாமல் வாங்கி, நேராகப் பேக்கரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கேட்டால் நான் வேண்டாம் என்பேன் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. அந்த வருத்தத்தை வருத்தமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கிண்டலாகத்தான் வெளியே வந்தது.

"ப்ளக்கு" என்று அவனுக்குப் பெயர் வைத்தது நான்தான். அவன் வந்து உட்கார்ந்ததுமே, "ஏனுங்க ப்ளக்கு, சார்ஜ் போட்டாச்சுங்களா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்பேன். பேக்கரியே சிரிக்கும். பத்து நாளில் டீ மாஸ்டர்கூட அவனை அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்றைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டு போகிற போட்டோவைப் போட்டு, "நம்ம ப்ளக்கு ஊட்டுக்கு வர்றாரு" என்று எழுதினேன். வரிசையாக எல்லோரும் சிரிக்கிற பொம்மைகளைப் போட்டார்கள். அவன் ஒரே ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு விட்டுவிட்டான்.

ஒருநாள் மட்டும் சற்றுச் சூடாகவே சொன்னான். "இதுலயே அன்னூர் போய்ட்டு வந்து காட்டறன் பார்றா."

"ஆடிக் காத்துல போய்ப் பாரு, அப்பத் தெரியும்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று. அன்னூர் போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். திரும்பி வரும்போது நெஞ்சில் மோதும். எதிர்காற்றில் எந்த வண்டியும் கூடுதலாகக் குடிக்கும். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. அதைச் சொல்லி அவனைத் தடுத்திருக்கலாம். சவால் விடத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்னூரில் அவனுடைய மனைவி வீட்டுப் பக்கம் ஒரு காதுகுத்து விசேஷம். மனைவியை உட்கார வைத்துக்கொண்டு அந்த ஸ்கூட்டரிலேயே போயிருக்கிறான். எனக்கு அது தெரியாது.

அன்று ஐந்தரை மணிக்குப் பேக்கரிக்கு வந்தேன். வழக்கம்போல நெட்டை ஆன் செய்தேன். வந்து விழுந்ததில் அவனிடமிருந்தும் ஒன்று இருந்தது. அனுப்பிய நேரம் மூன்று ஐம்பது. திறந்து பார்த்தால், "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது. ஏதோ எனக்குப் பதில் சொல்ல எழுதி, தைரியம் இல்லாமல் அழித்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிச் சிரித்தேன். என்னடா அனுப்பினாய் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

ஆறரை மணி இருக்கும். அவன் நம்பரிலிருந்து போன். எடுத்ததும் சத்தமாக, பேக்கரியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சொல்றா ப்ளக்கு, சார்ஜ் ஏறிருச்சா?" என்றேன்.

பேசியது அவன் மனைவி. "அண்ணா... அவரு எந்திரிக்க மாட்டேங்கறாருங்ணா. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாக்கறனுங்ணா..."

டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியாது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஓடினேன். முன்னறையில் பிளாஸ்டிக் சேரில் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க வேர்வையில் ஊறி முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆட்டோவில் என் மடியில் படுக்க வைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வரும்போதே முடிந்துவிட்டது என்றார்கள். இதயத்தில் அடைப்பு ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், என்றைக்கு வேண்டுமானாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, மாடிப்படிக்குக் கீழே அந்த ஸ்கூட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பச்சை லைட் விட்டு விட்டு எரிந்தது. அதைப் பிடுங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் உடம்பை எடுக்கிற வரைக்கும் அப்படியேதான் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று அப்போதுதான் அந்த அம்மணி, அவன் மனைவி, சொன்னார். குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது எதிர்காற்றில் சார்ஜ் மளமளவென்று இறங்கி, சரவணம்பட்டிக்குச் சற்று முன்னால் வண்டி நின்றிருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு சார்ஜ் போடும் இடம் இருந்ததாம். அங்கே இருந்த ப்ளக் இவன் வண்டிக்குச் சேரவில்லை. ரோட்டோரம் நின்று எனக்கு லொகேஷன் அனுப்பியிருக்கிறான்.

"ஒரு டிக்குத்தானுங்ணா விழுந்துச்சு. நெட்ட ஆஃப் பண்ணி வெச்சிருப்பான்னு சொன்னாரு. பத்து நிமிசம் போனையே பாத்துட்டு நின்னாரு. போன் பண்ணுங்கன்னு சொன்னனுங்ணா. வேண்டாம், போன்ல கேட்டா பேக்கரி பூரா சொல்லிப்போடுவான்னு சிரிச்சுட்டே அத அழிச்சுப்போட்டாரு."

அப்புறம் மனைவியை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தள்ள ஆரம்பித்திருக்கிறான். ஆறேழு கிலோமீட்டர். வழியில் இரண்டு பேர் நிறுத்தி, கால் வைத்துத் தள்ளட்டுமா என்று கேட்டார்களாம். ஊடு பக்கத்துலதானுங்க என்று அனுப்பிவிட்டானாம். கால் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களே!

"பேக்கரி வழியா வந்தா நீங்கெல்லாம் இருப்பீங்கன்னு பின்னாடி சந்துல சுத்தி வந்தாராமாங்ணா. வந்ததும் வண்டிக்குத்தான் மொதல்ல சார்ஜ் போட்டாரு. ஒரு சொம்புத் தண்ணி குடிச்சாரு. சித்த கண்ணசர்றன்னு உக்காந்தாரு."

ஐந்தரையிலிருந்து நான் அந்தப் பேக்கரியில்தான் இருந்தேன். அவன் பின்சந்தில் மூச்சு வாங்க வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நேரத்தில்தான், அவன் அழித்த மெசேஜைக் காட்டி நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை அந்த அம்மணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே வந்து, அவர்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பேக்கரிக்குப் போவதை விட்டுவிட்டேன். நெட்டை மட்டும் அன்றிலிருந்து ஆஃப் செய்வதில்லை. தூங்கும்போதும் ஆனில்தான் இருக்கும். இனி எதற்கு என்று மகள் ஒரு தடவை கேட்டாள்.

தை மாசம் ஒரு மத்தியானம், பட்டறையில் இருந்தேன். மொபைல் சிணுங்கியது. ஒரு லொகேஷன், அனுப்பியது அவன் நம்பரிலிருந்து. மறு நிமிஷமே போனும் வந்தது. அவன் மனைவிதான். தையல் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அந்த ஸ்கூட்டரை ஓட்டப் பழகிப் போய்வந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, ராத்திரி சார்ஜ் போட மறந்துபோட்டனுங்ணா. வண்டி நின்னுபோச்சு. சித்த வர்றீங்களா?"

"அங்கியே நில்லுங்க அம்மணி, இதோ வாரேன்" என்றேன்.

ஓடுகிற லேத்தை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். அவரை ஸ்கூட்டரில் உட்காரச் சொல்லி, பின் ஃபுட்ரெஸ்ட்டில் காலை வைத்தேன். அவருக்குப் பயம், ஹேண்டில் ஆடியது. "நேரா மட்டும் பாருங்க, நான் புடிச்சுக்கறேன்" என்று சொல்லிச் சொல்லி மெதுவாகத் தள்ளினேன். சந்துக்குள் திரும்பவில்லை. வேண்டுமென்றேதான் பேக்கரி வழியாகப் போனேன். வாசலில் எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் டம்ளரோடு நின்றிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. டீ மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டில் வண்டியை நிறுத்திச் சார்ஜ் போட்டதும் அந்த அம்மணி திரும்பிப் பார்த்து, "காலு வலிக்குதுங்களாண்ணா? கண்ணெல்லாம் செவந்திருக்குது" என்றார். காற்றில் தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன். அன்றைக்குக் காற்றே இல்லை.

இவ்வளவு சுலபமாக அவர் கேட்டதை, முப்பத்தைந்து வருஷம் பழகியவன் என்னிடம் கேட்கக் கூச்சப்படும்படி நான் வாயை வைத்திருந்தேனே என்பதுதான் இன்னும் ஆறவில்லை. இப்போதெல்லாம் ரோட்டில் யார் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும், பெட்ரோலா கரண்டா என்று பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் முதலில் காலைத்தான் நீட்டுகிறேன்.