உபதேசியாருக்குக் கிடைக்காத ஆறடி

ஞானமுத்து உபதேசியார் போய்விட்டார் என்று தாராபுரத்திலிருந்து போன் வந்தது. அழக்கூட விடவில்லை. சொன்னவர் அடுத்த மூச்சிலேயே, "அம்மணி, அவரு எந்தச் சபை உறுப்பினருங்க? எங்க அடக்கம் பண்றதுங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரை அறிந்த உங்களில் எவருக்கும் தெரிந்திருக்காது.

அவருக்குப் பவுல் அப்போஸ்தலன் என்றால் பைத்தியம். காங்கேயத்தில் என் வீட்டில் நடந்த வேத வகுப்பில், பவுலின் பயணங்களை நம் ஊர் பஸ் ரூட்டை வைத்தே விளக்கிவிடுவார். "அந்த மனுசன் கூடாரம் தெச்சுப் பொழச்சுக்கிட்டு ஊர் ஊராச் சபையை உண்டாக்குனாருங்க. அங்கிருக்கற பெரியவங்க கையில ஒப்படைச்சுப்போட்டு அடுத்த ஊருக்குக் கெளம்பிருவாரு. அதனாலதானுங்க யூதரோட நின்னிருக்க வேண்டிய சுவிசேஷம் மத்த சனத்துக்கும் வந்து சேந்துது" என்பார்.

அவரும் அதையே செய்தார். தையல் மெஷினோடு அவிநாசிக்குப் போனார். ஜெபிக்க நாலு குடும்பம் சேர்ந்ததும் பொறுப்பை அவர்களிடம் விட்டுவிட்டுக் காங்கேயம் வந்தார். பிறகு தாராபுரம். "எங்க சபையில உங்க பேரை எழுதிக்கலாமுங்க" என்று ஒருமுறை கெஞ்சினேன். "பேரை எழுதுனா காலு நின்னுபோகுமுங்க அம்மணி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

மூன்று சபைகளிடமும் அடக்கத்துக்கு நானே இடம் கேட்டேன். அவிநாசியில், அவர் காங்கேயத்துக்காரர் ஆகிவிட்டாரே என்றார்கள். தாராபுரத்தில், எங்களிடம் கடைசியாக வந்தவர்தானே என்றார்கள். எங்கள் காங்கேயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. அதை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று கமிட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். செயலாளர், உபதேசியாரின் வகுப்பில் வளர்ந்தவர், என் முகத்தைப் பார்க்காமலே, "உறுப்பினரா இருந்தாத்தானுங்க. விதி அப்படிங்க" என்றார்.

தாராபுரத்தில் நகராட்சி மயானத்தில் புதைத்தோம். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயர் எவரும் வரவில்லை. பாட்டை நானே தொடங்கினேன். பாதியில் நின்றுபோனது. விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாட ஆளில்லை.

பவுல் சிறையில் கிடந்தபோது, அவர் உண்டாக்கிய சபை ஒன்றாவது அவரைத் தேடி ஆள் அனுப்பியது. நம் உபதேசியாருக்கு அதுவும் இல்லை. ஆறுதலாக ஏதாவது எழுதலாமென்றால் எனக்கு வரவில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அப்பாவுக்குப் பக்கத்தில் அவருக்குக் கிடைக்காத அந்த ஆறடிதான். இன்னும் என் பேரில் காலியாகக் கிடக்கிறது. அதில் போய்ப் படுக்க எனக்கு மனமில்லை.